மணிமுடியும் மணமாலையும்

அரசர் வீட்டு மணங்களைப் பற்றி உலகெங்கும் பாடப்பெற்ற வாழ்த்துப் பாக்களை ஒருங்கே சேர்த்து அடுக்கினால் ஒரு பெரிய நூல்நிலையம் நிறைந்துவிடும். அவற்றுள் மறுமுறை எடுத்துப் படிக்கத் தக்கன எத்தனை என்று எண்ணப் புகுந்தால், எண்ணுவதற்கு ஒரு கையின் விரல்களே மிகுதி. பரிசில் கருதிப் பாடியவை பரிசில் கிடைத்த அன்றே தம் வேலையை முடித்துக்கொண்டன. பரிசில் கருதாமற் பாடியவையோ பெரும்பாலும் வழக்கம் பற்றிப் பாடியவை. வழக்கம் மாறியதும் அவையும் மாய்ந்தன. இவ்விரு வகையிலும் அடங்காத ஒரு பாட்டை இவ்வாரம் வாசகர்முன் வைத்து ஆராய விரும்புகின்றோம். விக்டோரியா அரசியாரின் திருமணத்தைக் குறித்து எலிசபெத் பாரெட் என்னும் ஆங்கிலப் பெண்பாற் புலவர் இயற்றியது அது. மணம் நிகழ்ந்த ஐந்தாம் நாள், 1840-ஆம் ஆண்டு பெப்ரவரி 15-ஆம் தேதி, லண்டனில் வெளிவந்த 'அத்தீனியம்' என்னும் வாரப் பத்திரிகையில் அச்சேறியது. 'முடிசூடி மணம்பூண்ட அரசி' என்று அதன் தலைப்பைத் தமிழிற் சொல்லலாம்.

விக்டோரியா என்றதும் நம்மவரிற் பலர்க்கு நினைவில் எழுவது கறுப்பாடை போர்த்த முதியவர் ஒருவரின் முகம். இந்நாட்டில் நம் முன்னோர் கையாண்ட சில்லறைக் காசுகளில் பொறித்திருந்ததும் அவர் தலையே. அம்முகத்தைச் சற்றே மறந்துவிட்டு, இருபது வயதுப் பெண்ணொருத்தியை மனத்திற் கொண்டாலன்றி இப்பாட்டு விளங்காது.

மணம் நடந்தது 1840 பெப்ரவரி 10, திங்கட்கிழமை. இடம், லண்டன் செயிண்ட் ஜேம்ஸ் அரண்மனையைச் சேர்ந்த கோயில். மணமகனுக்கும் வயது இருபதே. அவர் ஜெர்மானியச் சிறு நாடாகிய சாக்ஸ்-கோபர்க்-கோத்தாவின் கோமகனுடைய இளைய மகன் ஆல்பர்ட். மணமகளின் தாயும் மணமகனின் தந்தையும் உடன்பிறந்தோர் ஆதலின், நம் நாட்டு வழக்கிற் சொன்னால் ஆல்பர்ட் அம்மான் மகன், முறை மாப்பிள்ளை! ஆயினும் மணம் பேசியவர் மாப்பிள்ளை வீட்டார் அல்லர். ஆள்கின்ற அரசியிடம் ஆடவன் சென்று மணம் கேட்டல் மரபன்று. ஆகவே 1839 அக்டோபர் 15-ஆம் நாள் வின்சர் மாளிகையில் விக்டோரியாவே ஆல்பர்ட்டை வரவழைத்துத் தம் விருப்பத்தைக் கூறினார்.

நாடு இம்மணத்தை ஒருமுகமாக வரவேற்றது என்று பாடப் புத்தகங்களைப் படித்தோர் எண்ணுவர். உண்மை அதுவன்று. மணமகனுக்கு ஆண்டொன்றுக்கு 50,000 பவுன் வழங்கவேண்டுமென்று மந்திரிமார் கேட்டனர். பார்லிமெண்டு அதை 30,000 ஆகக் குறைத்தது. மணச் செய்தியை அறிவித்த அறிக்கையில் மாப்பிள்ளை புராட்டஸ்டண்டு மதத்தவர் என்ற சொல் விடுபட்டது பற்றி ஒரு பெரும் பூசல் எழுந்தது. தெருவில் ஓரணாப் பாட்டு விற்போர், ஜெர்மானியர் ஒருவர் பெண்ணை நாடி வரவில்லை, பணப்பையை நாடி வருகிறார் என்று பாடி விற்றனர். இங்கிலாந்துத் திருச்சபையின் மணச் சடங்கில் மணமகன் தன் உலகப் பொருள் அனைத்தையும் மணமகளுக்கு அளிப்பதாகச் சொல்லவேண்டும். கோபர்க்கின் இளைய மகன் அச்சொற்களை உலகின் மிகப் பெரிய பேரரசின் தலைவியை நோக்கிச் சொன்னபோது கேட்டோர் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். தெருப்பாட்டுக்காரர்க்கு அந்த ஊகம் வயிற்றுப் பிழைப்பாயிற்று.

இவ்வளவு இரைச்சலுக்கிடையில் எழுந்தது எலிசபெத் பாரெட்டின் பாட்டு. அது இரு பகுதியாக அமைந்தது. முதற்பகுதி மணத்தைப் பற்றியதே அன்று. அது 1838 ஜூன் 28-இல் வெஸ்ட்மினிஸ்டர் பேராலயத்தில் நிகழ்ந்த முடிசூட்டைக் கூறுகிறது. அன்று அப்பெண் நாட்டை நெறியோடு ஆள்வதாக உறுதி கூறினாள். தன் குழந்தைப் புன்னகையை அவ்வுறுதியாலேயே அழித்துக்கொண்டாள் என்கிறார் புலவர். பின்னர் குருமார், படைத்தலைவர், பிரபுக்கள், சீமாட்டிகள், அயல்நாட்டுத் தூதர் என்று கூடியிருந்தோரை வரிசையாக எண்ணுகிறார். இதுவரை வழக்கமான வாழ்த்துப்பாவே. ஆனால் வரிசை அங்கே நிற்கவில்லை. வாயிலிற் கூடிய பொதுமக்களையும், அவர்களைக் கடந்து, ஆலயத்துத் தளத்தின் கீழ்ப் புதைந்து கிடக்கும் பிணங்களையும் விருந்தினராக எண்ணிவிடுகிறார்!

இவ்விடந்தான் பாட்டின் உயிர்நிலை என்பது எம் கருத்து. கீழே கிடக்கும் அரசியல்வாதி இனி எந்தக் கைக்கூலியையும் தீண்டமாட்டான். அரசவைப் பணியாளன் எந்த அழகிய அரசிக்கும் எழுந்து மண்டியிடமாட்டான். அரண்மனைச் சீமாட்டி எந்தப் பட்டாடைக்காகவும் தன் பிணக்கோடியை விட்டு வரமாட்டாள். ஆஸ்தானப் புலவனுக்கோ மண்ணோடு மண் என்பதைவிட நயமான சொல் ஒன்றும் அகப்படாது. இவ்வாறு அடுக்கிச் செல்லும் அந்த எள்ளலை ஓர் அரசவைப் புலவர் எழுதியிருக்க முடியாது. முடிசூடும் இளம்பெண்ணை உயிருள்ளோர்க்கும் இறந்தோர்க்கும் நடுவில் நிறுத்தி வைத்துவிட்டு, அதன் பின்னரே வாழ்த்துகிறார். பண்டைத் தமிழிலக்கண நூலார் வாழ்த்தில் ஒரு வகைக்கு 'வாயுறை வாழ்த்து' என்று பெயரிட்டனர். வேம்பின் கசப்போடு உள்ளே செல்லும் நன்மொழி அது. வெறும் புகழ்ச்சியை அவர்கள் அப்பெயரால் அழைக்கவில்லை. எலிசபெத் பாரெட் தொல்காப்பியத்தைக் கேள்வியுற்றவரல்லர். ஆயினும் இம்முதற்பகுதி அவ்வினத்தைச் சேர்ந்தது.

இரண்டாம் பகுதிதான் மணம். ஆள்வதாக உறுதி கூறியவள் இன்று அன்பு செலுத்துவதாக உறுதி கூறுகிறாள். ஆகவே 'அரசியைக் கடவுள் காக்க' என்ற பழைய கூக்குரலை விடுங்கள், மணப்பெண்ணை வாழ்த்துங்கள். எக்காளம் ஊதவேண்டா, மண்டியிடவேண்டா. தான் அரசியல்லள், ஒரு மனைவி என்று அவள் காணும் கனவைக் கலைக்கவேண்டா என்று மக்களைக் கேட்டுக்கொள்கிறார். பிறகு மணமகனை நோக்கித் திரும்பி, செங்கோல் பிடித்த கை என்பதற்காக அன்றி மோதிரம் அணிந்த கை என்பதற்காகவே அக்கையைப் போற்று, முடியில்லாத அவள் பெண்மையே அரசத்தன்மை என்று கொள் எனக் கட்டளையிடுகிறார். ஆல்பர்ட்டை ஆக்ஸ்பர்க் நகரில் மெய்க்காக நின்றோரோடு ஒப்பிடும் ஓர் அடியும் இங்கு உண்டு. புராட்டஸ்டண்டு மதத்தார் 1530-இல் தம் கொள்கையை எழுதிக் கொடுத்த ஊர் அது. மாப்பிள்ளையின் மதத்தைப் பற்றி ஊரில் எழுந்த ஐயத்திற்கு அரை வரியில் விடை கூறிவிட்டார். இறுதியில், முடிசூட்டு நாளில் 'இன்பமுள்ள அரசர் பெறும் பேறுகள் பெறுக' என வாழ்த்திய பாட்டு, மணநாளில் 'இன்பமுள்ள குடியானவர் பெறும் பேறுகள் பெறுக' என வாழ்த்தி முடிகிறது.

ஓர் அரசியைப் பார்த்து, நின் முடியைக் காட்டிலும் நின் பெண்மை பெரிது என்று அச்சமின்றிக் கூறிய புலவரை நாம் பாராட்டவேண்டும். அக்காலத்தில் அதைச் சொல்வதற்கும் ஓர் உரம் வேண்டியிருந்தது. ஆனால் திறனாய்வு என்பது பாராட்டோடு நின்றுவிடின் அதுவும் ஒரு வாழ்த்துப்பாவே ஆகிவிடும். இப்பாட்டில் இரண்டு சொற்கள் எம்மை மேலே செல்லவிடாமல் தடுத்து நிறுத்துகின்றன. ஒன்று 'மனைவி'. மற்றொன்று 'குடியானவர்'.

மனைவி என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். 1840-இல் இங்கிலாந்தில் மனைவி என்பவள் யார்? சட்டத்தின் கண்ணுக்கு அவள் தனியாள் அல்லள். மணந்த நாள்முதல் அவள் கைப்பொருளும், அவள் உழைத்து ஈட்டும் கூலியும் கணவனுடையவை. அவள் பெற்ற பிள்ளைகள் மீது உரிமை தந்தைக்கே. இந்நிலையில் ஒரு பகுதி 1870-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், பெரும்பகுதி 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தாலுமே நீங்கிற்று. பிள்ளைகள் வகையில் முதல் விரிசல் 1839 ஆகஸ்டில் விழுந்தது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளத் தாய் நீதிமன்றத்தைக் கேட்கலாம் என்றது அப்போது நிறைவேறிய சட்டம். அதற்காகப் போராடியவரும் ஒரு பெண்பாற் புலவரே. கரோலைன் நார்ட்டன் என்பது அவர் பெயர்.

அவர் கதை இம்மணத்தோடு ஒட்டியது. 1836-இல் அவர் கணவன் ஜார்ஜ் நார்ட்டன், அந்நாளில் முதல் மந்திரியாயிருந்த மெல்போர்ன் பிரபு தன் மனைவியோடு தகாத உறவு கொண்டார் என்று வழக்குத் தொடுத்தான். ஜூரிமார் தம் இருக்கையை விட்டு எழாமலே வழக்கைத் தள்ளினர். மெல்போர்ன் பிரபு முதல் மந்திரியாகவே தொடர்ந்து இருந்தார். வழக்கில் வென்ற பக்கத்தைச் சேர்ந்த கரோலைனோ தம் மூன்று ஆண்மக்களையும் இழந்தார். சட்டம் வந்த பின்னும் அவருக்குப் பயன் கிட்டவில்லை. கணவன் பிள்ளைகளை ஸ்காத்லாந்தில் வைத்துவிட்டான், அச்சட்டம் அங்கே செல்லாது. விக்டோரியாவின் மணநாளில் அரச வாளை ஏந்தி அவர்க்கு முன்னே நடந்தவர் யார் எனில், அதே மெல்போர்ன் பிரபு.

இனி அந்தக் கோயிலுக்குள் நடந்ததைப் பார்ப்போம். 1662-ஆம் ஆண்டுப் பொது வழிபாட்டு நூலின்படி மணமகன் மணமகளை நேசித்துப் பேணுவதாகச் சொல்வான். மணமகள் நேசித்துப் பேணிக் கீழ்ப்படிவதாகச் சொல்வாள். ஒரு சொல் அதிகம். நாடாளும் அரசி குடிமகன் ஒருவனுக்குக் கீழ்ப்படிவதாகச் சொல்லலாமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. அச்சொல்லை நீக்கிவிடலாமா என்று காண்டர்பரிப் பேராயர் கேட்டதாகவும், அரசியாக அன்றி ஒரு பெண்ணாகவே மணம்புரிய விரும்புவதாக விக்டோரியா விடையளித்ததாகவும் சொல்வர். அச்சொல் நீக்கப்படவில்லை, அவர் அதைச் சொன்னார். எலிசபெத் பாரெட்டின் பாட்டும் அவ்விடையும் ஒரே கருத்தின் இரு வடிவங்கள். ஆனால் பாட்டை எத்தனைமுறை திருப்பிப் படித்தாலும் அன்பு என்ற உறுதி உண்டு, கீழ்ப்படிதல் என்ற உறுதி இல்லை. புலவர் அச்சொல்லைக் கண்டு கூசி ஒதுக்கினாரா, கண்டே கொள்ளவில்லையா என்பது எமக்கு விளங்கவில்லை. மண உறுதியில் இருபாலார்க்கும் ஒரே சொல் வேண்டுமென்று வாதிடும் நம் வாசகர்க்கு இவ்விடைவெளி கண்ணில் படாமற் போகாது.

அரசியார் அச்சொல்லைச் சொன்னார் என்பது உண்மை. அதனால் அவர் இழந்தது யாது? மணத்திற்குப் பத்து நாட்களுக்கு முன், வின்சரில் சில நாள் கூடுதலாகத் தங்கலாமே என்று ஆல்பர்ட் எழுதியபோது, தாம் நாட்டின் தலைவி என்பதையும் அரசு அலுவல் காத்திராது என்பதையும் அவர் மறந்துவிட்டதாக விக்டோரியா கடிதம் எழுதினார். தமக்கென ஒரு செயலாளரைத் தாமே தெரிந்துகொள்ளும் உரிமையும் ஆல்பர்ட்டுக்குக் கிட்டவில்லை. மணமான சில மாதத்தில் அவர் ஒரு நண்பர்க்கு எழுதிய கடிதத்தில், தாம் கணவர் மட்டுமே, வீட்டுத் தலைவர் அல்லர் என்று வருந்திக்கொண்டார். பிற்காலத்தில் அவர் செல்வாக்கு ஓங்கியது வேறு கதை. 1840-இல் அந்த ஒரு சொல் அரசியார் நாவில் ஓர் அணிகலன் போலவே இருந்தது. வேண்டும்போது அணியலாம், கழற்றியும் வைக்கலாம். அதே திங்கட்கிழமையில் நாட்டின் வேறு கோயில்களில் அச்சொல்லைச் சொன்ன பெண்களுக்கு அது பூட்டு. சாவி மற்றொருவர் கையில். 'அரசியல்லள், மனைவி' என்று வாழ்த்துவது அப்பெண்களின் நிலையை நன்கறிந்தவர் கூறத்தக்க வாழ்த்துத்தானா?

இம்மணத்தைத் தீட்டிய ஓவியத்தையும் ஈண்டுச் சிறிது நோக்கவேண்டும். ஜார்ஜ் ஹேட்டர் என்னும் ஓவியர் அரசியாரின் ஆணைப்படி மணத்தில் உடனிருந்து குறிப்பெடுத்து, 1842-இல் படத்தை முடித்தார். அடுத்த மார்ச்சு மாதத்திலேயே அரசியார் மணவாடையும் முக்காடும் மாலையும் மீண்டும் அணிந்து அவர்முன் வந்து அமர்ந்தார். படத்தில் ஐம்பத்து நான்கு பேருடைய முகங்கள் அடையாளம் தெரியும்படி எழுதப்பட்டுள்ளன. அதுவே அதன் பெருமை; அதுவே அதன் குற்றமும் ஆகும். ஒவ்வொரு முகமும் தனித்தனியே நம்மைப் பார்த்து நிற்கிறது, ஒன்றும் மற்றொன்றைப் பார்ப்பதாயில்லை. பாட்டில் வரும் இறந்தோர்க்குள்ள உயிர் இப்படத்தில் வாழ்வோர்க்கு இல்லை. வலப்பக்கத்துக் கீழ்மூலையில் கையில் எழுதுகோலோடு ஹேட்டர் தம்மையும் வரைந்துகொண்டார். இதில் ஒரு வேடிக்கை: மனைவியைப் பிரிந்து வேறொரு பெண்ணோடு வாழ்ந்தவர் என்ற காரணத்தால் ராயல் அகாடமியார் ஹேட்டரைத் தம் கழகத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்நூற்றாண்டின் பெயர்பெற்ற மணப்படத்தை எழுதியவர், மண ஒழுக்கம் பற்றித் தள்ளிவைக்கப்பட்டவர்! ஓவியத்தில் அதற்கும் ஒரு சுவடு இல்லை.

நிற்க. இரண்டாவது சொல்லுக்கு வருவோம். 'இன்பமுள்ள குடியானவர்' யாவர்?

மணமகள் அணிந்தது வெள்ளைச் சாட்டின் ஆடை. அரசர்க்குரிய செம்மேலாடையை அவர் அணியவில்லை. வெள்ளை உடுத்தும் வழக்கத்தை அவரே தோற்றுவித்தார் என்று பலர் எழுதுவது பிழை. அவர்க்கு முன்னும் மணப்பெண்கள் வெள்ளை உடுத்தியதுண்டு. அவர் உடுத்தியதால் அது பரவிற்று எனின் பொருந்தும். பட்டு நெய்தது லண்டனில் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் பகுதியில். ஆடையின் கீழ்விளிம்பிலும் முக்காட்டிலும் அமைந்த லேஸ் பின்னியது டெவன் மாவட்டத்துக் கடற்கரைச் சிற்றூராகிய பியர் என்னும் ஊரிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும். அப்பின்னலுக்கு அருகிலுள்ள ஹானிட்டன் ஊரின் பெயர் வழங்குகிறது. அவ்வூரிற் பிறந்து லண்டனில் லேஸ் வாணிகம் செய்த ஜேன் பிட்னி அம்மையாரின் மேற்பார்வையில் இருநூறு பெண்களுக்கு மேல் இவ்வேலையில் ஈடுபட்டனர். வேலை முடிந்ததும், வேறெவரும் அதுபோற் செய்துவிடாதபடி மாதிரிகளை அழித்துவிட்டனர் என்பர்.

லேஸ் பின்னும் முறையை அறியாதார்க்குச் சிறிது கூறுவோம். இறுகப் பொதிந்த திண்டு ஒன்றின்மேல் மாதிரித் தாளை வைத்து, அதன் புள்ளிகளில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகளை இடமும் வலமும் மாற்றி மாற்றிப் பின்னிக்கொண்டே செல்லவேண்டும். ஒரு பூவிதழ் உருவாவதற்குள் கண் பூத்துப்போகும். நாகர்கோயிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மால்ட் அம்மையார் நம் பெண்பிள்ளைகளுக்குக் கற்பித்ததும் இத்தொழிலே. குமரி நாட்டிலிருந்து வந்த குடும்பத்தார் இதைத் தம் பாட்டிமாரிடம் கேட்டிருப்பர். டெவனில் ஐந்தாறு வயதுச் சிறுமியரை 'லேஸ் பள்ளி' என்ற பெயரில் ஓர் அறையில் அமர்த்தித் திண்டின்முன் குனிய வைத்தனர். எந்திர வலைத்துணி வந்து கைப்பின்னலின் விலையை வீழ்த்திவிட்டது. அரசியாரின் லேஸுங்கூடக் கையாற் பின்னிய பூக்களை எந்திர வலைமேல் தைத்ததே. லேஸ் வாங்கும் வியாபாரியே கடையும் வைத்திருப்பான். கூலியைக் காசாகக் கொடாமல் அவன் கடையிலிருந்து மாவும் தேயிலையுமாகக் கொடுப்பான், விலையும் அவன் சொன்னதே. தோட்டக் கடைக் கணக்கை அறிந்த வாசகர்க்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அழியும் தொழில் ஒன்றைத் தாங்கிக் கொடுக்கவேண்டும் என்பதற்காகவே அரசியார் வெளிநாட்டு லேஸை விலக்கி இதனை வாங்கினார். அது நல்ல செயல், அதைக் குறைத்துச் சொல்ல யாம் விரும்பவில்லை. அவ்வூரார் அந்த வேலையைப் பெருமையோடு நினைவில் வைத்ததும் உண்மை. ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். அரசியாரின் முக்காட்டைப் பின்னிய பெண்களுள் மணமானவள் ஒருத்தி இருந்திருப்பின், அவ்வேலைக்குக் கிடைத்த கூலி சட்டப்படி அவளுடையதன்று. அவள் கணவனுடையது. பாட்டின் 'மனைவி'யும் பாட்டின் 'குடியானவ'ரும் அந்த ஒரு பெண்ணிடத்தில் ஒன்றாகிவிடுகின்றனர். பாட்டு அவளைக் காணவில்லை.

காணாமைக்குத் தூரம் காரணமன்று. இப்பாட்டை எழுதியபோது எலிசபெத் பாரெட் நோயுற்று டெவன் மாவட்டத்திலேயே இருந்தார். அங்குள்ள டோர்க்கீ என்னும் கடற்கரையூரில் 1838 முதல் 1841 வரை அவர் தங்கியிருந்தார். பியர் ஊரும் அதே மாவட்டத்தின் கடற்கரையில் கிழக்கே உள்ளது. ஆனால் அவர் படுக்கையை விட்டு எழுவதே அரிதாயிருந்தது என்பதையும் மறக்கலாகாது. ஒரு சாளரத்தின் அளவே அவர் கண்ட உலகம்.

அவர் குடும்பத்தின் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதும் தோட்டத்து வாசகர் அறியவேண்டிய செய்தி. பாரெட் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக ஜமைக்காத் தீவில் கரும்புத் தோட்டம் வைத்திருந்தோர். ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பால் செழித்தோர். பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறை 1834-இல் ஒழிக்கப்பட்டது. அதன் பெயரை மாற்றி நீடித்த 'பயிற்சி வேலை' முறையும் 1838-இல் ஒழிந்தது. அவ்விடத்தை நிரப்ப நம்மவரை மொரீசுக்கும் பிரிட்டிஷ் கயானாவுக்கும் கப்பலேற்றத் தொடங்கிய காலம் அது. விக்டோரியாவின் மணம் நடந்து ஒரு வாரத்தில் புலவரின் தம்பி சாமுவேல் ஜமைக்காவில் காய்ச்சலால் இறந்தார். அதே ஆண்டு ஜூலையில் மற்றொரு தம்பி எட்வர்ட் டோர்க்கீக் கடலில் மூழ்கி இறந்தார். தம் குடும்பச் சோற்றில் அடிமைகளின் குருதி கலந்திருப்பதை எலிசபெத் உணர்ந்தே இருந்தார்; பிற்காலத்தில் தப்பியோடிய அடிமைப்பெண் ஒருத்தியின் வாய்மொழியாக ஒரு கொடிய பாட்டும் எழுதினார். 1840-இன் மணப்பாட்டில் அவ்வுணர்வு இன்னும் வாய் திறக்கவில்லை.

இம்மணத்தைப் பற்றிய எழுத்துக்களுள் எமக்கு மிக உயர்ந்ததாகத் தோன்றுவது எது என்று கேட்பின், பாட்டுமன்று, படமுமன்று. மணப்பெண்ணின் நாட்குறிப்பே. இலக்கியம் செய்யும் எண்ணமே இன்றி எழுதியது அது. காலையில் தாயார் வந்து ஆரஞ்சுப் பூச்செண்டு கொடுத்ததும், ஆடையும் லேஸும் வைரமும், ஆல்பர்ட் தந்த நீலக்கல் பதக்கமும் எல்லாம் ஒரே தட்டில் வைத்து எழுதப்பட்டுள்ளன. கோயிலில் நின்று வாக்குக் கொடுப்போர் எவராயினும் அதைக் காப்பாற்றவேண்டுமென்ற எண்ணத்தை அச்சடங்கு மனத்திற் பதிக்கவேண்டும் என்று ஒரு வாக்கியம். மோதிரம் விரலில் ஏறியபோது மகிழ்ந்ததாக ஒரு வாக்கியம். வின்சர் சேர்ந்த மாலையில் தலைவலி தாங்காமல் சாய்வு நாற்காலியில் படுத்திருந்ததும், கணவர் பக்கத்தில் சிறு பீடத்தில் அமர்ந்திருந்ததும் அதில் வருகின்றன. பாட்டு மக்களை நோக்கி 'கனவைக் கலைக்காதீர்' என்றது. நாட்குறிப்பில் கனவோடு தலைவலியும் இருக்கிறது. இக்குறிப்பு நமக்குக் கிடைத்ததே ஒரு நல்லூழ். விக்டோரியா இறந்தபின் அவர் மகள் பியட்ரிஸ் நாட்குறிப்புக்களைச் சுருக்கிப் படியெடுத்து மூலத்தை எரித்துவிட்டார். மணநாள் கடந்த சில நாள்வரை உள்ள பகுதியை மட்டும் எஷர் பிரபு அதற்குமுன்பே தட்டச்சிற் படியெடுத்து வைத்திருந்தார். 1840 பெப்ரவரி 15-ஓடு அவர் படி முடிகிறது. அதற்குப் பின்னர் மனைவி விக்டோரியா தம் கையால் எழுதியதை முழுமையாக எவரும் படிக்க இயலாது.

லேஸின் கதை இன்னும் நீண்டது. கணவரை 1861-இல் இழந்து வாழ்நாள் முழுவதும் கறுப்புடுத்திய விக்டோரியா, அம்மண லேஸை மட்டும் விடவில்லை. 1897-இல் அறுபதாம் ஆண்டு விழாவுக்கென வெளியிட்ட அவர் படத்தில் கறுப்பாடையின் மேல் அதைக் காணலாம். 1901-இல் அவரைப் பெட்டியில் வைத்தபோது அந்த மண முக்காட்டை முகத்தின்மேல் இட்டனர். எலிசபெத் பாரெட்டின் பாட்டு அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே எண்ணிய அந்த இறந்தோர் வரிசையில் அரசியாரோடு பியர் ஊர்ப் பெண்களின் கைவேலையும் சேர்ந்தது.

புலவரின் சொந்த மணம் எப்படி நடந்தது என்பதையும் சொல்லவேண்டும். தம் மக்களுள் எவரும் மணம் செய்துகொள்ளலாகாது என்று வைத்திருந்தவர் அவர் தந்தை. 1846 செப்டம்பர் 12-ஆம் நாள், நாற்பதாம் வயதில், லண்டன் மேரில்போன் கோயிலில் எலிசபெத் கவிஞர் ராபர்ட் பிரௌனிங்கை யாரும் அறியாமல் மணந்தார். பெண்பக்கத்துச் சாட்சி அவருடைய பணிப்பெண் வில்சன். மணம் முடிந்ததும் மோதிரத்தைக் கழற்றி மறைத்துக்கொண்டு வீடு திரும்பி, ஒரு வாரம் தந்தையின் கூரைக்கீழ் ஒன்றும் நடவாதது போல் இருந்து, பின்னர் கணவரோடு இத்தாலிக்குப் புறப்பட்டார். தந்தை சாகும்வரை மன்னிக்கவில்லை. மகள் எழுதிய கடிதங்களை உறை பிரிக்காமலே வைத்திருந்து திருப்பி அனுப்பினார். 'மனைவி' என்பது கனவென்று 1840-இல் பாடியவர் அதன் விலையைத் தம் கையாற் கொடுத்து அறிந்தார்.

'குடியானவர்' என்ற சொல்லையோ அவர் அதற்கு முன்னரே திருத்திக்கொண்டார். சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்யும் சிறுவர் நிலையை ஆராய அரசாங்கம் அமைத்த குழுவின் அறிக்கைகள் 1842-லும் 1843-லும் வெளிவந்தன. லேஸ் பின்னும் சிறுமியரும் அவ்வாராய்ச்சியில் அடங்குவர். அதைப் படித்த எலிசபெத் பாரெட் 1843 ஆகஸ்டில் 'குழந்தைகளின் கூக்குரல்' என்ற பாட்டை வெளியிட்டார். அதில் இன்பமுள்ள குடியானவர் ஒருவரும் இல்லை. விளையாட மனமின்றிப் படுத்துறங்கவே புல்வெளியைத் தேடும் பிள்ளைகள் இருக்கின்றனர். அவர்களை நசுக்கிச் சுழலும் இரும்புச் சக்கரங்கள் இருக்கின்றன. 1844-இல் அவர் தம் பாட்டுக்களை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டபோது மணப்பாட்டையும் நீக்கவில்லை, இதையும் விடவில்லை; இரண்டையும் அதே தொகுப்பில் வைத்தார். ஆங்கிலம் பயின்ற நம் இளைஞர் நகரத்து நூல்நிலையத்தில் அத்தொகுப்பைக் கேட்டு வாங்கி, முதலில் மணப்பாட்டையும் அடுத்துக் கூக்குரலையும் ஒரே மாலையில் படிக்கவேண்டும் என்று யாம் வேண்டிக்கொள்கிறோம். தோட்டங்களில் இரவுப் பள்ளி நடத்துவோர் கூக்குரலைத் தமிழில் எடுத்துச் சொல்லலாம். மொழிபெயர்த்து அனுப்புவோர்க்கு இவ்விணைப்பில் இடமளிக்கக் காத்திருக்கிறோம்.